உயிர்க்குச்சி

தொலைபேசி அலறியது.

ஓர்னெல்லா எடுத்தாள். எதிர்முனையில் இன்ஸ்பெக்டர் கவாத்ஸி.

"மேடம், உங்க வீட்டுக்காரர் தானா விழல. தள்ளிவிட்டிருக்காங்க. ஒரு குரல் சிக்கியிருக்கு. வந்து கேளுங்க."

அவளுடைய கணவன் துய்லியோ இறந்து ஒரு வாரம் ஆகவில்லை. இத்தாலியின் கிரெமோனா நகரில், பரோக் என்ற பழைய பாணி வயலின் செய்வதில் பேர்போன குவாயினியின் பட்டறை... அதன் மாடிப்படியின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தான். ஓர்னெல்லா கச்சேரிகளில் வாசிக்கவென்று அவன் சொல்லிச் செய்வித்த வயலின், சற்றுத் தள்ளி மேசைமேல் கிடந்தது.

காவல் நிலையத்தில் கவாத்ஸி பதிவை ஓட்டினார். குவாயினி தன் தங்கையிடம் போனில் பேசியதை ஒட்டுக்கேட்டுப் பிடித்தது.

"உயிரை நானே எடுத்துட்டேன்டி. வேற வழி தெரியல. இப்ப சத்தமே இல்ல."

இன்ஸ்பெக்டர் நிறுத்தினார்.

"இதுக்கு மேல என்ன மேடம் வேணும்? காலையிலேயே ஆளைத் தூக்கிட்டு வந்துட்டோம்."

ஓர்னெல்லா சிரித்துவிட்டாள். கணவனை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் சிரிப்பு. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

"உயிர்னா ஒரு குச்சி சார்."

"என்னது?"

"வயலினுக்குள்ள மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவுல ஒரு குச்சி நிக்கும். சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. அதை எடுத்துட்டா வயலின் ஊமை. எங்க ஊர்ல அதுக்குப் பேரே உயிர்தான். உயிரை எடுத்தேன், உயிரை வச்சேன்னு பட்டறையில நாள் முழுக்கப் பேசிக்குவாங்க."

"நான் பலெர்மோக்காரன் மேடம். எங்க ஊர்ல உயிரை எடுத்தேன்னா பிணம் விழும்."

அடுத்த அறையில் குவாயினியும் அதையேதான் சொல்லியிருந்தார். ஓர்னெல்லாவுக்கான புது வயலின் கீச்சிட்டதாம். பழைய குச்சியை உருவிப் பசை காய்ச்சும் அடுப்பில் போட்டுவிட்டு, வேறு குச்சி செதுக்கி நிறுத்தினாராம்.

ஓர்னெல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது... அந்தப் பழைய குச்சி!

வயலின் செய்யச் சொன்னவர் உயிர்க்குச்சியில் தம் கைப்பட எழுதித் தருவது குவாயினி பட்டறையின் வழக்கம். 'என் ஓர்னெல்லாவுக்கு' என்று துய்லியோ பென்சிலால் எழுதிக் கொடுத்திருந்தான். அவன் கையெழுத்து சாம்பலாகிவிட்டது. போகட்டும், வயலினாவது மிஞ்சட்டும். அதை முடிக்கத் தெரிந்தவர் குவாயினி ஒருவரே.

பட்டறைப் பேச்சில் உயிர் என்றால் குச்சிதான் என்று எழுதிக் கையொப்பமிட்டாள். வயலின் கலைஞரின் சாட்சியம்!

"இன்னொரு தடவை யோசிச்சுக்குங்க மேடம்" என்று கவாத்ஸி சொன்னபோது அவள் கதவைத் தாண்டியிருந்தாள். மறுநாளே குவாயினி வெளியே வந்தார்.

வயலின் தயார் என்று செய்தி வந்தது. மதிய வெயிலில் பட்டறைக்குப் போனாள். ஆட்டுக்குடல் தந்திகள் பூட்டிய வயலினைக் குவாயினி இரு கைகளிலும் ஏந்திக் கொடுத்தார்.

வாசித்தாள்.

கீச்சிடவில்லை. அடித்தந்தியின் குரல் தாழ்ந்து, தயங்கி, அறையின் மூலைவரை சென்று திரும்பியது. இப்படியொரு குரலுக்காகத்தான் துய்லியோ இரண்டு குளிர்காலம் காத்திருந்தான்.

வாசித்து முடித்ததும் உள்ளே பார்ப்பது வாத்தியக்காரர்களின் பழக்கம். வயலினை ஜன்னல் பக்கம் சாய்த்து, மேல்பலகையின் துளை வழியே பார்த்தாள்.

குச்சி தெரிந்தது.

குச்சியில்... பென்சில் எழுத்து.

'என் ஓர்னெல்லாவுக்கு.'

அவன் கையெழுத்து எரியவில்லை! ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மகிழ்ந்தாள்.

பிறகு வயலினை இன்னும் சாய்த்து மறுபடி பார்த்தாள்.

பழைய குச்சி அப்படியே நிற்கிறது. இந்த வயலினின் உயிரை யாரும் எடுக்கவேயில்லை.

அப்படியானால் குவாயினி எடுத்தது யாருடைய உயிரை?

காட்டிக்கொள்ளக் கூடாது. வயலினோடு வெளியேற வேண்டும். நேரே கவாத்ஸியிடம். மீண்டும் வில்லை வைத்து இழுத்தாள்.

"வில்லு நடுங்குதேம்மா" என்றார் குவாயினி. "இப்படிக் குடு, பாக்கறேன்."

கை நீட்டினார்.

வைத்தியர் கை நீட்டினால் நோயாளி நாடியைக் கொடுப்பதுபோல, வயலின் செய்தவர் கை நீட்டினால் வாசிப்பவர் வயலினைக் கொடுப்பார். யோசிப்பதற்குள் அவள் கை கொடுத்துவிட்டது.

குவாயினி முறுக்காணிகளைத் திருகினார். தந்திகள் தளர்ந்து தொங்கின.

"மாடியில வெள்ளை வயலினா அடுக்கி வச்சிருந்தேன். எங்கேயோ எவனோ செஞ்சது. வார்னிஷ் அடிச்சு என் பேரு ஒட்டி விக்கறேன். உன் வீட்டுக்காரன் அதைப் பாத்துட்டான். ஊருக்கே சொல்றேன்னு படியில இறங்கினான்."

"மேஸ்ட்ரோ, அதைக் குடுங்க..."

"ரொம்ப வருஷம் கழிச்சு இது ஒண்ணுதாம்மா என் கையால செஞ்சது. வேற குச்சி வச்சா இந்தக் குரல் வராது. போலீஸுக்காகக் கெடுக்க மனசு வரல."

எஸ் வடிவ இரும்புக் கொக்கி துளைக்குள் நுழைந்தது. மெல்லிய சத்தம். குச்சி வெளியே வந்தது. ஓர்னெல்லா பாய்வதற்குள் அது அடுப்பிலிருந்தது. கரிக்குள் விரலை விட்டுத் துழாவினாள்; கொப்புளம்தான் மிஞ்சியது.

இனி கவாத்ஸியிடம் எதைக் காட்டுவது? உயிரென்றால் வெறும் குச்சி என்று எழுதிக் கொடுத்தவளே அவள்தானே!

குவாயினி புதுக் குச்சியொன்றைச் செதுக்க எடுத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:

"போலீஸ்ல பொய் சொல்லிட்டோமேன்னு மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சும்மா... இப்பதான் நான் சொன்னது உண்மையாச்சு."