தாளாளர் அறைத் தொலைபேசி

ரோகிணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்?

லோத்குண்டாவில் அவள் படித்த பள்ளியில் அந்த வாரம்தான் அறைக்கு அறை இன்டர்காம் வைத்திருந்தார்கள். சிக் ரூமிலும் புத்தம் புதிதாக ஒன்று இருந்தது. அதன் பக்கத்துக் கட்டிலில் அவள் தம்பி பிரசன்னா காய்ச்சலில் கொதித்துக்கொண்டு, அம்மா வேண்டும் என்று அழுதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை வேறு யாரைக் கேட்பான்? அவனுக்குத் துணையாக, ஐந்தாம் வகுப்பிலிருந்து அக்காவை அழைத்து வந்திருந்தார்கள்.

அம்மாவின் கம்ப்யூட்டர் கம்பெனி எண் ரோகிணிக்கு மனப்பாடம். வெளியே பேச முதலில் பூஜ்யத்தை அழுத்த வேண்டும் என்றும் தெரியும். அழுத்தினாள். போன் 'கீங் கீங்' என்று கத்தியது. இன்னொரு முறை அழுத்தினாள். அதே கத்தல்தான்.

அது பள்ளிக்குள் மட்டும்தான் பேசும் என்றார் ஆயா ஆரோக்கியமேரி. வெளியே பேச வேண்டுமானால் சீட்டு எழுதி, தலைமை ஆசிரியையிடம் கையெழுத்து வாங்கி, ஆபீசில் கொடுக்க வேண்டுமாம். தலைமை ஆசிரியையோ மாடியில் கூட்டத்தில் இருந்தார். முடிய ஒரு மணி நேரமாகும்.

காய்ச்சல் என்ன, சீட்டு வாங்கிக்கொண்டா வருகிறது?

வராந்தாவில் இன்டர்காம் மாட்டும் ராஜகோபால், சுவர்ப் பெட்டியைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். ரோகிணி நேராக அவரிடம் போய் நியாயம் கேட்டாள்.

"என்னைக் கேட்டா எப்படி பாப்பா? லிஸ்ட்ல இருக்கறதைத்தான் செய்வேன். நானா மாத்தறது நக்கோ, அதெல்லாம் கூடாது," என்று அவர் ஒரு தாளைக் காட்டினார்.

வெளியே பேசும் வசதி மூன்றே அறைகளுக்கு. தாளாளர், தலைமை ஆசிரியை, ஆபீஸ். யார் பெரியவர் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். யாருக்குத் தேவை என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தாளாளர் வருவதே ஆண்டு விழாவுக்கும் கொடியேற்றத்துக்கும்தான். மற்ற நாளெல்லாம் அவர் அறையைத் துடைத்துத் துடைத்துத் திறந்து வைப்பார்கள்.

ரோகிணி சிக் ரூமுக்கு ஓடினாள். "ஆயாம்மா, தம்பியைத் தூக்கிட்டு வாங்க. தாளாளர் ரூமுக்குப் போகலாம்."

வேலை போய்விடும் என்று ஆயா பயந்தார். பிறகு பிரசன்னாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அவனைத் தூக்கிக்கொண்டார்.

பிரசன்னா தாளாளரின் சோபாவில் படுத்தான். ரோகிணி எண்களை அழுத்தினாள். அம்மா உடனே ஆட்டோவில் கிளம்புவதாகச் சொன்னார்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்ல, தலைமை ஆசிரியை மங்கையர்க்கரசி விறுவிறுவென்று வந்தார்.

"இது யார் ரூம்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். அவர் ஆகஸ்ட்லதான் வருவார். தம்பிக்குக் காய்ச்சல் இன்னிக்கே வந்திடுச்சு."

தலைமை ஆசிரியை சோபாவைப் பார்த்தார். பிரசன்னாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு ராஜகோபாலை வரவழைத்து, பட்டியலில் 'தாளாளர்' என்பதை அடித்துவிட்டு 'சிக் ரூம்' என்று எழுதிக் கொடுத்தார்.

ஆகஸ்டில் கொடியேற்றிய தாளாளர், ஆபீசும் தலைமை ஆசிரியை அறையும் விடுமுறைக்குப் பூட்டியிருக்க, வீட்டுக்குப் பேச வழி தெரியாமல் தவித்து, கடைசியில் சிக் ரூமுக்கு வந்தார். ஆயா அவரைக் கட்டிலில் உட்கார வைத்தார். தாளாளர் போனை எடுக்கும் முன்பே அவர் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டார். அந்த அறைக்கு யார் வந்தாலும் முதலில் அதுதான்.