நாலாவது டம்ளர்

மருமகள் ரஃபியா கொண்டுவந்து வைத்த தட்டில் நான்கு டம்ளர் தேநீர் இருந்தது. சேக் பரீத் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். போர்டிகோவில் உட்கார்ந்திருந்தது மூன்று பேர்தான். அவர், தேவாரத்துக் கருத்தக்கண்ணன், ராயப்பன்பட்டி ஏசுதாசன்.

“இது யாருக்கும்மா?”

“உங்க கூட்டாளிக்குத்தான் மாமா. இவுக ரெண்டு பேருக்கும் பின்னாடியே வந்தாகளே. துண்டத் தலையில போட்டுக்கிட்டு குழாயடியில கால் கழுவிக்கிட்டு இருந்தாக.”

“மழையில என்னத்தயோ பாத்திருக்கும் புள்ள,” என்றார் கருத்தக்கண்ணன். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ரஃபியா உள்ளே போய்விட்டாள். பரீத் குழாயடியைப் பார்த்தார். ஆள் இல்லை. ஆனால் அங்கிருந்து வெறுங்கால் ஈரத்தடம் ஒன்று போர்டிகோவுக்குள் வந்து, நாற்காலிகளுக்கு நடுவே, தரைக்கு அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடியோடு நின்றிருந்தது. வந்த விருந்தாளிகள் இருவரும் செருப்பைக் கழற்றவே இல்லை.

இன்றைக்கு இவர்கள் போக்கே சரியில்லை என்று அவருக்குத் தோன்றியது. மூவரும் எழுபத்தொன்றாம் ஆண்டுச் சண்டையில் ஒரே போர்க்கப்பலில், ஒரே பாய்லர் அறையில் வெந்தவர்கள். ஊருக்கு வந்த பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது ஒருவர் வீட்டில் கூடி அரைத்த மாவையே அரைப்பார்கள். இந்த வருடம் தேவாரத்தில் கூட வேண்டியது. திடீரென்று கருத்தக்கண்ணன் போன் போட்டு, ‘ஒன் வீட்டுக்கே வந்துர்றோம்’ என்றார். எதிரெதிர்த் திசை ஊர்களில் இருக்கிற இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வந்ததிலிருந்து இருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு வேலை, பேரனுக்கு சீட்டு என்று ஏதாவது கேட்க வந்திருந்தால்கூட இவ்வளவு முழி முழிக்க மாட்டார்கள்.

மலையை மேகம் மூடிவிட்டது. சாயங்காலம்தான், ஆனாலும் போர்டிகோவுக்குள் இருட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. மின்சாரமும் இல்லை. பக்கத்துத் திராட்சைத் தோட்டத்திலிருந்து ஈர இலை வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, மூக்கில் பிசுபிசுவென்று ஒட்டுகிற வாடை. தோட்டத்தில் மருந்தடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். மழையில் எவன் மருந்தடிப்பான் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

கருத்தக்கண்ணன் பேச ஆரம்பித்தார். “நம்ம கப்பல்ல ஒரு வழக்கம் உண்டுல்ல. அடியில வேல முடிஞ்சவன் மூடிய ரெண்டு தட்டு தட்டுவான். மேல மாத்த வந்தவன் ஒரு தட்டு தட்டணும். தட்டிட்டான்னா எறங்கியே தீரணும். என்ன பரீத்து?”

“இத எதுக்கு எனக்குச் சொல்ற?”

“மறந்திருப்பயோன்னு பாத்தேன்.”

“இவன் எங்க மறப்பான்,” என்றார் ஏசுதாசன். “தூக்கத்துலயே பதில் தட்டுறவனாச்சே.”

அது உண்மைதான். கப்பலில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் இப்போது ஏசுதாசன் சிரிக்கவில்லை. அதுதான் பரீத்தின் மனதில் முள்ளாகக் குத்தியது.

வருடந்தோறும் கேட்க நினைத்து, நட்பு கெட்டுவிடுமோ என்று விழுங்கிய கேள்வி அவருக்கு ஒன்று இருந்தது. கூடலூர்க் கர்ணன். நால்வரில் சின்னவன். குண்டு விழுந்த அன்று பாய்லர் அறையில் அவன் முறை முடிந்திருந்தது. மாற்ற ஆள் போகவில்லை. தண்ணீர் உள்ளே வர, மூடியைப் பூட்டச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. பரீத் அன்று கடுங்காய்ச்சலோடு மருத்துவ அறையில் கிடந்தார். கண் திறந்தபோது கர்ணன் இல்லை என்றார்கள்.

“அன்னைக்கு மாத்தப் போக வேண்டியது யாரு?” இன்று கேட்டே விட்டார்.

“ஏசுதாசன்,” என்றார் கருத்தக்கண்ணன்.

“இவன்தான்,” என்றார் ஏசுதாசன், அதே நேரத்தில்.

இதில் ஒருவன் பொய்யன். யாரென்று கண்டுபிடிக்காமல் இன்றைக்கு விடக்கூடாது என்று பரீத் கைத்தடியை ஊன்றி முன்னால் சாய்ந்தார். தன் மேல் பழி இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது, அதை மறைப்பானேன்.

டொக். டொக்.

“லோயர் கேம்ப்லருந்து குடிதண்ணி வருது. குழாய்ல காத்து,” என்றார் பரீத். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் விடுவது நாளைக்கு.

அந்த வாடை இப்போது தெளிவாக அடித்தது. பாய்லரில் எரிக்கும் கறுப்பு எண்ணெய். ஏசுதாசன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கருத்தக்கண்ணன் கைகளை அக்குளுக்குள் செருகி, கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார்.

ஏன் இப்படி உட்காருகிறார்கள்?

டொக். டொக்.

மூடிக்கு அடியில். மிக அருகில்.

பரீத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் மூடியைப் பார்க்கவில்லை. அவருடைய கைத்தடியைப் பார்த்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார். தடியின் இரும்புப் பூண் மூடியின்மேல் நின்றிருந்தது. ஒரு தட்டின் அதிர்வு இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

தட்டியது அவர்தான். எப்போது தட்டினார் என்று அவருக்கே தெரியாது.

கருத்தக்கண்ணன் மூச்சை விட்டார். “எங்க வீட்டுலயும் தட்டுறான் பரீத்து. கெணத்து மோட்டார் மூடியில. இவன் வீட்டுலயும். கையக் கட்டிக்கிட்டு எத்தன நாளைக்குத்தான் தூங்குறது?”

“என்னப்பா சொல்றீக? எனக்கு அன்னைக்குக் காய்ச்சல். என் முறையே இல்ல.”

“தெரியும். அவனுக்குத் தெரியாதுல்ல.” ஏசுதாசன் அழுதுகொண்டிருந்தார். “கோவிச்சுக்கிறாதப்பா.”

மூடி எழும்பியது.

முதலில் ஒரு கை. இருபது வயதுக் கை. விரலிடுக்கெல்லாம் கறுப்பு எண்ணெய். அதில் ஒரு டார்ச் லைட். மாற்ற வருகிறவனிடம் டார்ச்சைக் கொடுத்துவிட்டுத்தான் அடியில் இருப்பவன் மேலே ஏறுவான்.

“வந்துட்டீகளாண்ணே,” என்றது குரல். “ரொம்ப நேரமாச்சு.”

வாங்கக் கூடாது. பரீத்துக்குத் தெரியும். வாங்கக் கூடாது.

அவர் கை வாங்கிக்கொண்டது.

கால் இறங்கியது. அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய தொட்டி, இடுப்பளவு ஆழம். ஏணி கிடையாது. இப்போது ஏணி இருந்தது. கம்பிகள் சுட்டன. ஒன்று. இன்னொன்று. இன்னும் ஒன்று. அடியில் காத்திருந்த தண்ணீர் உப்புக் கரித்தது.

“ரஃபியா,” என்று கத்தினார். நெஞ்சிலிருந்து காற்றுதான் வந்தது.

தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், சின்னச் சதுர வெளிச்சம். அதில் அவருடைய நாற்காலி தெரிந்தது. அதில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்து, எண்ணெய் படிந்த கையால் நாலாவது டம்ளரை எடுத்தான். ரஃபியாவின் கொலுசுச் சத்தம் வந்து நின்றது.

“டீ ஆறிருச்சா மாமா? ஏன் இப்பிடி நனைஞ்சு போயிருக்கீக?”

“மழைம்மா,” என்றான் அவன், பரீத்தின் குரலில்.

மூடி மெல்லச் சாய்ந்தது. பரீத் டார்ச்சால் கம்பியை ஓங்கித் தட்டினார். இரண்டு தட்டு. மறுபடியும் இரண்டு.

கடைசி இடுக்கு வழியே மேலே தெரிந்தது. மூன்று நாற்காலிகள். மூன்று பேர். மூன்று பேரும் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.