படிக் கொழுக்கட்டை

அனுஷாவின் உள்ளங்கால்களில் செம்மண் ஒட்டியிருந்தது. வளர்மதி ஈரத்துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். ஏழு வயதாகியும் மகள் ஒரு நாளும் தனியாக நடந்ததில்லை. ஆபரேஷன் ஆன இந்த மூன்று மாதமாக நிற்கக்கூட இல்லை.

பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டு விறைத்த கால்கள். சென்னையில் முதுகெலும்பைத் திறந்து, விறைப்பைக் கிளப்பிவிடும் நரம்புகளில் சிலவற்றை வெட்டினார்கள். “இத்தன நாள் அந்த விறைப்புலதான் நின்னா. இனிமே பலம் புதுசா வரணும். தெனம் பயிற்சி குடுங்க, பொறுமையா இருங்க” என்றார் டாக்டர். பொறுமையாம். நீட்டி மடக்கி வளர்மதியின் கைதான் ஓய்ந்தது; கால்கள் நனைந்த துணியாகக் கிடந்தன. நின்ற பிள்ளையையும் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பொறுக்கமாட்டாமல்தான் நேற்று அதைச் செய்தாள். குழந்தை முதன்முதலாக வாசற்படி தாண்டினால் அவிக்கும் கொழுக்கட்டையை, தாண்டுவதற்கு முன்பே அவித்துப் படியில் வைத்து, மகளை உள்ளே உட்காரவைத்து, கால்களை மட்டும் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள்.

“தாண்டாத புள்ளைக்கு யாருனா படிக் கொழுக்கட்டை வெப்பாங்களா?” என்றான் கணவன் அன்புச்செல்வன்.

“காலு தாண்டிச்சா இல்லியா? அது போதும் எனுக்கு.”

இன்று அவன் அவலூர்பேட்டைக்கு மல்லாட்டைக் கடலை லோடு ஏற்றப் போயிருந்தான். எப்படி ஒட்டியது என்று புரியாமலே செம்மண்ணைக் கழுவிவிட்டு வளர்மதி அடுப்படிக்குப் போனாள். கரண்ட் போன மத்தியானம். ஃபேன் நின்றதும் ஊரை ஒட்டி நின்ற ராஜகிரி மலைப்பாறையின் வெக்கை ஓட்டின் வழியே இறங்க, வேகும் சோற்றின் வாடைக்கும் எங்கோ குரைத்து அடங்கிய நாய்க்கும் நடுவே, ஈரக்கால் தரையில் பதியும் சத்தம் உள்ளறையிலிருந்து நிதானமாக வந்தது.

நடக்கிறாள். என் பொண்ணு நடக்கிறாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அனுஷா நடந்துகொண்டுதான் இருந்தாள். இடுப்புக்குக் கீழே நேராக, அழகாக. இடுப்புக்கு மேலே உடம்பு பின்னால் சாய்ந்து தொங்கியது. கைகள் கதவைப் பிடிக்கத் துழாவின.

“அம்மா, நான் நடக்கல. அதுவா போவுது.”

பாய்ந்து தூக்கினாள். கால்கள் நிற்கவில்லை. காற்றில் நடந்தன. முட்டி வயிற்றில் இடித்தது. மறுபடி. மறுபடி.

“நிறுத்துடி கண்ணு.”

“முடியலம்மா. வலிக்குது.”

தரையில் கிடத்தினாள். மேலே விழுந்து அமுக்கினாள். அழுது அழுது பிள்ளை தூங்கிப்போனது. வாய் திறந்திருந்தது. தலை சரிந்திருந்தது.

கால்கள் தூங்கவில்லை. குதிகால்கள் தரையைப் பற்றிப் பற்றி, தூங்கும் பிள்ளையையும் அவள்மேல் கிடந்த தாயையும் வாசலை நோக்கி இழுத்துக்கொண்டு போயின.