சாம்பிராணி போடாத மத்தியானம்

வீட்டுக்கார அம்மா ஹபீபா பீவியின் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் குடிவந்தபோது என் மகளுக்கு மூன்று மாதம். படகுத்துறைக்குப் பக்கம், பழைய வீடு. சமையலறையில் ஜன்னல் கிடையாது.

என் கணவர் வாசுவுக்குப் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் கேஸ் சென்சார் சோதிக்கிற வேலை. வந்த அன்றே மலிவான அலாரம் ஒன்றைச் சமையலறைச் சுவரில் மாட்டினார். பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டினால் அது கத்தியது. மிளகாய்ச் சம்பல் வதக்கினால் கத்தியது. நான் சென்ட் போட்டாலும் கத்தியது. மாமியார் இல்லாத குறையை அதுதான் தீர்த்துவைத்தது.

"மூரா சாமான் லா, குணா, மலிவு விலைக்கு இவ்வளவுதான்," என்றார் வாசு. "ஏதோ இருக்குன்னு சொல்லும். என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. ஆனா கழட்டிடாத. நெசமாவே கேஸ் லீக்கானா இதுதான் காப்பாத்தும்."

அந்த ஞாயிறு மத்தியானம் நல்ல மழை. அடுப்பு பற்றவைக்கவில்லை. சாம்பிராணியும் போடவில்லை. பிள்ளை உள்ளறைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

அலாரம் கத்தியது.

வாசு ஓடிப்போய் சிலிண்டரை மூடினார். தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தார். சத்தம் நின்றது.

"கேஸ் வாடையே இல்ல. மழை ஈரமா இருக்கும். ஈரத்துக்கும் ஏமாறும்," என்றார்.

இருந்தாலும் மனம் கேட்கவில்லை. அலாரத்தை நீண்ட வயரில் செருகிக் கையில் பிடித்தபடி வீடு முழுக்க நடந்தார். கூடத்தில் சத்தமில்லை. படுக்கையருகில் சத்தமில்லை.

தொட்டிலுக்கு மேலே கத்தியது.

"பவுடர் வாடையா இருக்கும்." குரலில் பழைய அலட்சியம் இல்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். தொட்டிலருகே அலாரம் அடங்கிவிட்டது. வாசு என்னிடம் கொண்டுவந்ததும் கத்தியது. பிள்ளையின் பவுடரைத் துடைத்து, சட்டையைக் கழற்றி, துவைத்த துண்டில் சுற்றினேன்.

இப்போது அது விட்டு விட்டுக் கத்தியது. கத்தும். அடங்கும். கத்தும். அடங்கும்.

"இது இப்படிக் கத்தாதே..." வாசு முணுமுணுத்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மூச்சு.

பிள்ளையின் மார்பு ஏறி இறங்குவதோடு அது ஒத்துப்போகவில்லை. என் பிள்ளையின் முகத்துக்கு நேரே வேறு யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை கண்விழித்து, என் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தது. திரும்பிப் பார்த்தேன், வெறும் சுவர்.

வாசு பிளக்கைப் பிடுங்கினார். அது இன்னும் மோசம். மூச்சு விட்டது எங்கே நிற்கிறது என்று இப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

"அக்கா வீட்டுக்குப் போயிடலாம், வா," என்றார்.

கட்டிய துணியோடு இறங்கினோம். கீழே கடையில் ஹபீபா பீவி எங்களைப் பார்க்கவில்லை. பிள்ளையை மட்டும் பார்த்தார்.

அக்கரைக்குப் போகும் பட்டர்வொர்த் ஃபெரியில் மேல்தளத்துக்குப் போனோம். மழை விட்டிருந்தது, கடற்காற்று அடித்தது. இந்தக் காற்றில் எதுவும் தங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசு தள்ளி நின்றார். என் இரண்டு கைகளும் பிள்ளையின் முதுகில் இருந்தன.

பறந்துகொண்டிருந்த துண்டின் நுனி, காற்றுக்கு எதிராகத் திரும்பியது. மெதுவாக மடிந்து, பிள்ளையின் காதை மூடி, தாடைக்கு அடியில் செருகிக்கொண்டது.

நான் பிள்ளையை மார்போடு இறுக்கினேன்.

மறுபக்கத்திலிருந்தும் ஒரு பிடி இறுகியது.