நின்னுட்டாங்க

சைதுன் பீவி கம்ப்யூட்டரை மரியாதையாகச் சொன்னது ரிப்பேருக்கு வந்த சடையப்பனுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

"நேத்தும் நின்னுட்டாங்கண்ணே," என்றாள், பச்சைத் துணித் திரைக்குப் பின்னாலிருந்து. "ஆடாம அசையாம."

சோறு போடுகிற மெஷினுக்கு ஒரு 'ங்க' சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? கடலூரில் சடையப்பனின் அப்பா மண்டிக்கு வருகிற மல்லாட்டைக் கடலை மூட்டையையே "வாங்க, உக்காருங்க" என்றுதான் இறக்குவார்.

அவளுடைய கணவர் முஹம்மது யூசுப், சிதம்பரம் யூனிவர்சிட்டிப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை டைப் அடித்துக் கொடுத்து ஊரில் நல்ல பெயர் வாங்கியவர். போன மாதம் இதே மெஷின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். புருஷன் இறந்ததற்கான இத்தாத் துக்கத்தில் அவள் இருந்தாள். வெளி ஆண் முகம் பார்ப்பதில்லை. அதனால்தான் திரை. தொழிலைக் கையில் எடுத்த அவள் தம்பி ஆசிக்குக்கு மெஷினின் வேகம் போதவில்லை. சடையப்பன் புது பிராசஸர் மாட்டிக் கொடுத்து, பழசை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து மெஷின் நடு வேலையில் நின்றுபோகிறது.

பிராசஸருக்குப் பூசும் பேஸ்ட்டை மாற்றினான். ராம் மாற்றினான். பவர் சப்ளையை மாற்றினான். சூட்டை அளந்து பார்த்தால் பச்சைக் குழந்தையின் உடம்புச் சூடுகூட இல்லை. "அண்ணே, இது பேய் புடிச்ச மெஷினா, நீங்க புடிச்ச மெஷினா?" என்று ஆசிக் கிண்டலடித்துவிட்டு, வாசல் கதவை விரியத் திறந்து வைத்து, பக்கத்துப் பள்ளிவாசலுக்கு அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் போனான்.

வெளியே ஐப்பசி மழை. சாயங்காலத்துக்கு முன்பே வீடு இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து சடையப்பன் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் யூசுப் பாயின் சுழல் நாற்காலி. அதன் மெத்தையில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம். ஈரச் சுவரின் வாடையும் சூடான பிளாஸ்டிக்கின் வாடையும் எங்கிருந்தோ கசிந்த அத்தர் மணமும் ஒன்றாகக் கலந்து, யாரோ தோளுக்கு மேலே குனிந்து மூச்சு விடுவதுபோல விட்டுவிட்டு முகத்தில் வந்து மோதின.

மவுஸ் அம்பு நின்றது.

காற்றாடி மட்டும் உள்ளே ஓடியது. கீபோர்டு விளக்கு அப்படியே எரிந்தது. அவன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். மழைச் சத்தம்கூட எட்டப் போய்விட்டதுபோல இருந்தது.

மானிட்டர் சட்டென்று உயிர் பெற்றது. நின்ற நேரத்தில் தட்டிய எழுத்தெல்லாம் மெஷின் தெளிந்ததும் மொத்தமாக வந்து கொட்டும். அது அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவன் எதையும் தட்டவில்லை. கொட்டியது.

*என் இடம் எங்கே என் இடம் எங்கே என் இடம் எங்கே*

சடையப்பன் பச்சைத் திரைப் பக்கம் திரும்பினான். "ம்மா. இப்ப நின்னுது. பாத்தீங்களா?"

"பாக்கணுமா? எனக்கே தெரியும்ணே. அஸருக்கு மேல நிப்பாங்க."

"எதுனால நிக்குது?"

"தேடுறாங்க. கெடைக்கல. அப்புடியே நின்னுடுறாங்க."

"மெஷின் என்னாத்தம்மா தேடப் போவுது?"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, மெதுவாக:

"மெஷினா? நான் எங்கண்ணே மெஷினச் சொன்னேன்?"

போனில் அவள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவன் காதில் திரும்பி வந்தது. *ராவெல்லாம் நின்னாங்க. ஆஃப் பண்ணாலும் நிக்கிறாங்க. நாற்காலிகிட்டயே நின்னுட்டாங்க.* புருஷன் பெயரைச் சொல்லாத பெண். அவளுக்கு வேறு யார் 'அவுங்க'?

"கழட்டுன பழசு எங்கண்ணே?" என்றாள் அவள், குரலை ரொம்பத் தாழ்த்தி.

கொள்முதல் எங்கே, சரக்கு யாருக்குப் போகிறது என்று கட்டியவளிடம்கூட மூச்சு விடாத பரம்பரை அவனுடையது. விலை படியாத இடத்தில் வாயைத் திறக்காதவன். பயம் அந்த வாயைத் திறந்துவிட்டது.

"எம் பொண்ணு இளமதி கம்ப்யூட்டர்ல மாட்டிட்டேம்மா. கடலூர்ல, மஞ்சக்குப்பம் வூட்ல."

"யா அல்லாஹ்!" திரை ஒருமுறை நடுங்கியது. "ஏண்ணே சத்தமா சொன்னீங்க? அவுங்க இங்கதானே இருக்காங்க!"

சுழல் நாற்காலியின் மெத்தையில் இருந்த பள்ளம் மெல்ல, மெல்ல, மாவு உப்புவதுபோல மேலே எழும்பிச் சமமானது. நாற்காலி கால் சுற்று திரும்பி நின்றது. அத்தர் மணம் அவனைக் கடந்து போனது. திறந்த வாசலில் கொட்டிக்கொண்டிருந்த மழை ஓர் ஆள் அகலத்துக்கு விலகியது. மறுபடி கூடியது.

மெஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியைக் கிளப்பும்போதே இளமதியைக் கூப்பிட்டான். அவன் மனைவி கனிமொழி குறிஞ்சிப்பாடிக்கு வளைகாப்புக்குப் போயிருந்தாள். வீட்டில் பிள்ளை தனியாக.

"கம்ப்யூட்டர்ல இருக்கியா?"

"ஆமாப்பா. புராஜெக்ட் பண்றேன். ஏன்ப்பா?"

"நிறுத்து. ஒயரப் புடுங்கிட்டுப் பக்கத்து வூட்டுக்குப் போ. போன வைக்காத."

"ஐய, என்னாப்பா நீ... சேவ் பண்ணிக்கிறேன் இரு."

"புடுங்குடி!"

ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகி, அவள் குரலைக் காதில் வைத்துக்கொண்டே அவன் கடலூருக்கு ஓட்டினான். புதுச்சத்திரம். ஆலப்பாக்கம். எதிரே வந்த பஸ்களின் வெளிச்சம் மழையில் கரைந்து ஓடியது. "புடுங்கிட்டேம்பா," என்றாள். "கதவத் தொறக்கப் போறேன்," என்றாள். நடுவில் ஒருமுறை, "நம்ம வூட்ல யாருப்பா அத்தர் போட்டா?" என்றாள்.

அவன் வேகத்தைக் கூட்டினான்.

செம்மங்குப்பம் தாண்டும்போது அவள் குரல் மாறியது. இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல. பின்னால் ஒரு காற்றாடிச் சத்தம்.

"கரண்ட் போயிடுச்சுப்பா. ஒண்ணும் தெரில."

"பயப்படாத. அப்பா வந்துட்டேன்."

"கதவக் காணம்ப்பா."

"தடவிப் பாரு."

"செவுரும் இல்லப்பா."

முறுக்கினான். சறுக்கியது. நிமிர்த்தினான். பாலம். சிக்னல். நிற்கவில்லை.

மஞ்சக்குப்பம். அவன் தெரு.

தெருவெல்லாம் விளக்கு எரிந்தது. கரண்ட் போகவே இல்லை.

கதவு தாழிட்டிருக்கவில்லை. தள்ளினான்.

ஹால் பளீரென்று இருந்தது. மின்விசிறி சுற்றியது. பிடுங்கிய ஒயர் தரையில் கிடந்தது. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. அதன் முன்னால் இளமதி உட்கார்ந்திருந்தாள். காதோடு போன். மூடிய வாய். திறந்த கண்.

"இளமதி."

இமைக்கவில்லை.

தோளைத் தொட்டான். சூடு இருந்தது. மூச்சு இருந்தது. உலுக்கினான். மரத்தை உலுக்கியதுபோல இருந்தது.

ஹெல்மெட்டுக்குள் அவள் பேசினாள்.

"வந்துட்டியாப்பா? உன் சத்தம் கிட்டத்துல கேக்குது. நீ எங்கப்பா இருக்க?"

எதிரே இருந்த உதடுகள் அசையவில்லை.

"அம்மாடி... இங்கதான்... அப்பா இங்கதாண்டி..."

"இருட்டுல ஒரு பாய் நிக்கிறாங்கப்பா. நகர மாட்டேங்கிறாங்க." குரல் உடைந்தது. "நீதான் எடம் சொன்னியாமே?"

அசையாத அந்த முகத்தில் ஒரு துளி கண்ணீர் மட்டும் இறங்கி, பாதிக் கன்னத்தில் நின்றுவிட்டது.