கறுப்புத் துணி ஜன்னல்

அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தில் வந்திறங்கிய கற்களை ஒரு பெரும் பணக்காரரின் சொந்த மியூசியத்துக்குள் மறுபடி அறையாக அடுக்க, மகேசனுக்கு ஒரு கோடை முழுக்கப் போயிற்று. ஐரோப்பாவில் எங்கோ ஒரு தேவாலயச் சுவரோடு ஒட்டியிருந்த அறை அது. எழுநூறு வருசப் பழசு.

துஷானிக்கும் அங்கேதான் வேலை. மத்தியகாலத் துறவிகளைப் பற்றி அவள் படித்த படிப்புக்கு உலகம் கொடுத்த ஒரே மரியாதை, 'தொடாதீர்கள்' என்று அட்டை ஒட்டும் உத்தியோகம்.

"கதவைக் காணேல்லையே, பிள்ளை?" சுவரில் மிச்சம் விட்டிருந்த இடைவெளியால் மகேசன் தலையை நீட்டினார்.

"உள்ளுக்குப் போற பெண் துறவியை வைச்சு அடைச்சுப் போடுவினம், அண்ணை. சாகுமட்டும் செபம். போகேக்கையே செத்தவீட்டுப் பூசை வைச்சுத்தான் அனுப்புறது. சாப்பாடு இந்தச் சின்ன ஜன்னலால. முகம் தெரியக் கூடாதெண்டு கறுப்புத் துணி."

"எங்கட லேபர் கேம்பும் இதுதான். பூசைதான் இன்னும் வைக்கேல்லை."

மறுநாள் அவருக்கு யாழ்ப்பாணம் போகப் பயணம். மனைவி பத்மாவதிக்கு இருதய ஒப்பரேசன். அவர் வந்து கையைப் பிடித்தால்தான் மேசையில் படுப்பேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். கபீலிடம், விசா கொடுத்த முதலாளியிடம், கெஞ்சி வாங்கிய லீவு.

வெளியே ஊர்ந்து வந்தவர், கல்லைத் தட்டிக்கொடுத்து, வழக்கம்போலச் சொன்னார்.

"போட்டு வாறன்."

பஸ்ஸுக்குக்கூட அதைச் சொல்லி இறங்குகிற மனிதர். 'போறன்' என்று அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

காற்றே இல்லாத அந்த மூலையில், கறுப்புத் துணி உள்பக்கமாக ஒட்டிக்கொண்டது.

யாரோ மூச்சை இழுத்ததுபோல.

மகேசன் கடைசிக் கல்லை வைத்துப் பூசினார்.

சில நாள் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து பத்மாவதி துஷானிக்குப் போன் எடுத்தாள்.

"வந்திட்டார், பிள்ளை. ஆனா என்ர கையைத் தொடுறாரில்லை. சுவரைப் பாத்து முழந்தாளில நிக்கிறார். விளங்காத பாஷையில முணுமுணுக்கிறார். வெயிலைக் கண்டா அழுறார்."

போனை வைத்தபோது மண்டபத்தில் உருகிய மெழுகும் ஈரக் கல்லும் மணத்தன. வெளியே பாலைவன வெயில்.

"பிள்ளை."

மகேசனின் குரல்.

"சரியான இருட்டாக் கிடக்கு."

ஆட்களைப் பிடித்துக் கல்லைக் கழற்ற வைத்தாள். உள்ளே வெறும் தூசி. 'மாஃபி', ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டு அவர்கள் திரும்பவும் பூசினார்கள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் உள்ளே விரலால் தட்டும் சத்தம்.

படித்த படிப்பு எதிலும் இதற்கு மருந்து இல்லை. அவளுக்குத் தெரிந்தது தேத்தண்ணி ஊற்றுவது. கோப்பையைத் துணிக்கு அடியால் நீட்டினாள். குளிர்ந்த விரல்கள் வாங்கிக்கொண்டன.

"பத்மா ஒப்பரேசனுக்குப் போயிட்டாவே?"

"இல்லை, அண்ணை. நீங்கள் கை பிடிக்க வேணுமாம்."

உள்ளே ஒரு மிடறு உறிஞ்சும் சத்தம்.

"'போட்டு வாறன்' எண்டு நான் சொன்ன உடன, இதுக்குள்ள இருந்த துறவி என்ர உடம்போட வெளிக்கிட்டிட்டா, பிள்ளை. நான் உள்ளுக்கு." குரல் துணிக்குக் கிட்ட வந்தது. "நீயும் ஒருக்கால் சொல்லிப்போட்டுப் போவன். பழக்கத்தில சொல்லுறமாதிரி."

சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வளர்ப்பு அப்படி. துஷானி வாயைப் பொத்திக்கொண்டு, அழுதாள். பிறகு, பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"போறன், அண்ணை."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பின்னால், வெறுங் கோப்பையை ஜன்னல் கல்லில் வைக்கும் சத்தம் கேட்டது.

மெதுவாக. அடுத்த முறைக்கு உடையாமல் இருக்கட்டும் என்பதுபோல.