சிக்ரிட்டின் பூட்ஸ்

சிக்ரிட்டின் பூட்ஸிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் கழற்றி வாசல் அடுக்கில் வைத்தவள், அதன்பின் வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை. ஸ்வீடன் நகரமான கோத்தன்பர்க்கின் டிசம்பர் பிற்பகல், வெளியே அதற்குள் இருட்டு. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து ஹில்லெவி அந்தச் சொட்டுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கள் முதல் அந்த இருக்கை சிக்ரிட்டுக்கு. குழுத் தலைமையும் அவளுக்கே. காலைக் காப்பியின்போது மேலாளர் டோர்னி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஹில்லெவி எழுதினா ஹில்லெவிக்கு மட்டும்தான் புரியும். சிக்ரிட் எழுதினா என் மாமியாருக்கே புரியும்."

அந்த அலுவலகத்தின் கணினி நிரலை வருடக்கணக்காகக் கட்டியவள் ஹில்லெவி. சிக்ரிட் வந்தது போன கோடையில்.

அவர்கள் எழுதுவது ஃபங்ஷனல் நிரல். ஒரு துண்டு இன்னொன்றின் மேல் தடம் விடக்கூடாது. அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் 'செட்டப்' என்ற தொடக்க வரி ஒரு பொய் வாடிக்கையாளரை உருவாக்கும். முடிந்ததும் 'டியர்டவுன்' என்ற கடைசி வரி அந்த ஆளைச் சுவடில்லாமல் அழிக்கும். பொய் ஆளுக்குச் சக ஊழியரின் பெயரை வைப்பது அங்கே வழக்கமான விளையாட்டு. காப்பி முடிந்து வந்ததும் ஹில்லெவி சிக்ரிட்டின் பெயரை வைத்தாள். திரையில் அவள் அழிவதைப் பார்க்க நெஞ்சுக்குள் இதமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் சிக்ரிட், தினமும் தானே எடுக்கும் கோப்பைகள் எங்கே இருக்கும் என்று யாரிடமோ கேட்டாள்.

மற்றவர்கள் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கிளம்பிவிட்டார்கள். எதிர் நாற்காலியில் சிக்ரிட் மட்டும் ஏலக்காய் பன் தின்றுகொண்டிருந்தாள். ஹில்லெவி ஒரு சோதனையை ஓட்டிவிட்டு நிமிர்ந்தாள். எதிர் நாற்காலி காலி. ஏலக்காய் பன்னின் வாசனை இருந்தது, பன் இல்லை. நாற்காலி மட்டும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

வாசல் கதவு திறந்தது. தலைமுடியில் பனியோடு சிக்ரிட்.

"நான் சிக்ரிட். இன்னிக்குத்தான் சேர்றேன். எங்க உக்காரணும்?"

விளையாட்டு என்று ஹில்லெவி சிரித்தாள். அவளோ பணிவாகக் காத்து நின்றாள். அவளுக்கு டோர்னியைத் தெரியவில்லை. தலைமைப் பதவி தெரியவில்லை. தான் எழுதிய நிரலே தெரியவில்லை.

பயந்திருக்க வேண்டும். முதலில் வந்தது சந்தோஷம். என்றைக்கும் முதல் நாள்காரியாகவே இருக்கட்டும். மறுபடி ஓட்டினாள். மறுபடியும். ஒவ்வொரு முறையும் கதவு, குளிர்காற்று, அதே கேள்வி.

பிறகு ஒருமுறை, விரல் விசையைத் தொடும்போது, ஜன்னல் கண்ணாடியில் சிக்ரிட்டின் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால், மிக அருகில்.

"இன்னும் எத்தனை தடவை, ஹில்லெவி?"

புதிதாக வந்தவளிடம் ஹில்லெவி தன் பெயரைச் சொல்லவே இல்லை.

அழிக்கும் டியர்டவுன் வரியை நீக்கினாள். இனி யாரையும் அழிக்க வேண்டாம். சேமித்தாள்.

சேமித்தால் எல்லாச் சோதனைகளும் தாமாகவே ஓடும். அந்த ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தான். நூற்றுக்கணக்கான சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் செட்டப். ஒவ்வொரு செட்டப்பிலும் ஒரு சிக்ரிட்.

கதவு திறந்தது. மூடவில்லை.

பூட்ஸ் கழற்றும் சத்தம். இன்னொரு ஜோடி. இன்னொன்று. அடுக்கு நிறைந்து தரையில். ஈரக் கம்பளியின் வாசனை. காலுறைப் பாதங்கள், ஓசையில்லாமல். விளக்கை மறைக்கும் தலைகள்.

நிறுத்தும் விசையைத் தேடினாள். அதன் மேல் ஏற்கெனவே ஒரு குளிர்ந்த கை.

எல்லா நாற்காலிகளிலும் ஆள். அவளுடையது மட்டும் மீதி. அதன் முதுகை விரல்கள் பற்றின. நிறைய விரல்கள்.

"எங்க உக்காரணும்?" என்றது அதே இனிமையான குரல், காதருகே. பிறகு அறை முழுவதும்.

வாசலில் இன்னும் பனியை உதறிக்கொண்டிருந்தார்கள்.